கடப்பாரை வரைக்கும் போன வீடியோ கால்

போன வருஷம் ஆடி முடிந்து ஆவணியும் பாதி தாண்டிய சமயம். ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு செல்ஃபோன் கடையில் நான் விற்பனையாளராகச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. முகூர்த்த நாட்கள் தொடங்கிவிட்டதால் ஊரே பட்டுக்கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எங்கள் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். காலேஜும் முடித்தேன். அப்பா, அம்மா இரண்டு பேரும் விசைத்தறி ஷெட்டில் வேலை செய்கிறவர்கள். "படிச்ச புள்ள, ஏசி ரூம்ல வேலை செய்யுது" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். ஏசி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஃபோன்களுக்காகப் போட்டது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

அந்த வாரம்தான் கடைக்கு ஒரு பெரிய ஃபோன் வந்திருந்தது. பிடித்தால் உள்ளங்கையைத் தாண்டி நிற்கும் திரை. பக்கத்தில் சொருகி வைத்திருக்கும் பேனா. எதிரில் இருக்கும் நகைக்கடை போர்டின் மூலையில் பல்லி உட்கார்ந்திருந்தால் அதன் கண்ணைக் காட்டும் ஜூம். திரையை இரண்டாகப் பிரித்து மேலே ஒரு வேலை, கீழே ஒரு வேலை பார்க்கலாம். பரீட்சைக்குப் படித்த மாதிரி இதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாங்கத்தான் ஆள் இல்லை. வருகிறவர்கள் ஜூம் பார்ப்பார்கள், "நிலா தெரியுமாமே, காட்டு" என்று பட்டப்பகலில் கேட்பார்கள், விலையைச் சொன்னதும் டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்த டெமோ ஃபோன் விஷயத்தில் எங்கள் ஓனர் கறார். அதைச் சுருள் வயர் போட்டு மேஜையில் கட்டி வைத்திருந்தார். ஸ்டாண்டை விட்டுப் பிடுங்கினால் அலாரம் கத்தும். அதில் சிம் போடக்கூடாது, கழட்டக்கூடாது, வாடிக்கையாளர் கையில் தனியாகக் கொடுக்கக்கூடாது. அன்றைக்கு அவர் சரக்கு எடுக்க வேலூர் போயிருந்தார். ஆனால் கேமரா வழியாகக் கடையை அவர் ஃபோனிலேயே பார்த்துக்கொண்டிருப்பார்.

மத்தியானம் இரண்டு பேர் வந்தார்கள். என் வயசு இருக்கும் ஒரு பெண், கூடவே அவளுடைய அண்ணன். அண்ணன் வாசலிலேயே கொஞ்சம் தயங்கினார். அந்தப் பெண் நேராக வந்து பெரிய ஃபோனுக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

எனக்கு உற்சாகம் பொங்கியது. "வாங்க மேடம், கரெக்டான ஃபோனைத்தான் பாக்கறீங்க" என்று தொடங்கினேன். எதிலிருந்து தொடங்கினேன் தெரியுமா? ஸ்பீக்கரிலிருந்து. "மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டு ஸ்பீக்கர் மேடம். கல்யாண மண்டபத்துல நாதஸ்வரம் கேட்டா மாதிரி இருக்கும்" என்று சொல்லி, ஒரு பாட்டைப் போட்டு முழுச் சத்தம் வைத்தேன். அந்தப் பெண் சிரித்த முகமாக என்னையே பார்த்தாள். பிடித்துவிட்டது என்று நினைத்து, எதிரில் பேசுகிறவர் பஸ்ஸில் போனாலும் இரைச்சலை வடிகட்டிக் குரலை மட்டும் கொடுக்கும் என்றேன். அண்ணன் பின்னாலிருந்து "தம்பி... தம்பி..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "இருங்கண்ணா, முடிச்சிடறேன்" என்றேன்.

அப்போதுதான் அவள் ஃபோனை ஸ்டாண்டிலிருந்து வெடுக்கென்று தூக்கினாள்.

அலாரம் அலறியது. நான் காதைப் பொத்தினேன், அண்ணன் குதித்தார், வாசலில் பூ விற்கிற அம்மா எழுந்து நின்று பார்த்தாள். அந்தப் பெண் மட்டும் நிமிரவே இல்லை. ஃபோனை முகத்துக்கு எதிரே ஒரு முழ தூரத்தில் வைத்து, இன்னொரு கையை அசைத்துப் பார்த்தாள். திரைக்குள் முகமும் கையும் சேர்ந்து விழுகிறதா என்று அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

"அதாம்பா சொல்ல வந்தேன்" என்றார் அண்ணன், அலாரத்துக்கு மேலே கத்தி. "அதுக்குக் காது கேக்காது."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அலாரத்தை நிறுத்தினேன், பாட்டையும் நிறுத்தினேன். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஸ்பீக்கரைச் சுட்டிக் காட்டினாள், தன் காதைக் காட்டினாள், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

என் கை தானாக ஒரு காரியம் செய்தது. கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய் இரண்டு தடவை சாய்த்து, புருவத்தைத் தூக்கினேன். 'டீ சாப்பிடறீங்களா?' விசைத்தறி ஷெட்டில் எங்கள் அப்பா இப்படித்தான் கேட்பார். அங்கே தறிகள் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசினாலும் காதில் விழாது. டீ வந்தது, இழை அறுந்தது, முதலாளி வர்றார் எல்லாமே கைதான். அவள் கண் விரிந்தது. அதே மாதிரி கையைச் சாய்த்து, சர்க்கரை கம்மி என்று விரல் நுனியைக் கிள்ளிக் காட்டினாள்.

டீ வந்தது. அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னார்.

"தம்பி, ஒளிவு மறைவு இல்லாம சொல்லிடறேன். நாங்க வாங்க வரலை. எங்க தங்கச்சி பட்டுத்தறி நெய்யுது. கலசப்பாக்கத்துலேந்து ஒரு வரன். மோட்டார் காயில் கட்டற பையன், அவனுக்கும் காது கேக்காது. ரெண்டு வாரம் முந்தி பொண்ணு பாக்க வந்தாங்க. பெரியவங்க எல்லாரும் பேசிகினே இருந்தோம். பஜ்ஜி தின்னாங்க, காபி குடிச்சாங்க, எழுந்து போய்ட்டாங்க. இதுங்க ரெண்டும் ஒரு வார்த்தை பேசிக்கலை. இன்னிக்கி சாயந்தரம் அவங்க ஊட்லேந்து ஃபோன் வரும். சரியா, வேணாமான்னு சொல்லணும். வேற எடமும் பாத்துகினு இருக்காங்களாம். இவ சரின்னும் சொல்ல மாட்றா, வேணாம்னும் சொல்ல மாட்றா. 'பேசிப் பாக்காம எப்பிடித் தலையாட்டறது?'ன்னு கேக்கறா. ஒரே பேஜாரு."

"வீடியோ கால் போட வேண்டியதுதானே அண்ணா?"

அவர் தன் ஃபோனை எடுத்துக் காட்டினார். சின்னது, அதுவும் திரையில் மூலைக்கு மூலை விரிசல். "போட்டோமே, நேத்து. கிட்ட வெச்சா மூஞ்சி தெரியுது, கை தெரியலை. தூர வெச்சா எறும்பு மாதிரி தெரியுது. கையில புடிச்சிகினு பேசினா மிச்சம் இருக்கறது ஒரு கை. ஒரு கையில பேசினா பாதி வாயைப் பொத்திகினு பேசற மாதிரிதான் தம்பி. ரெண்டும் வெறுத்துப்போயி வெச்சிடுச்சிங்க. இன்னிக்கி பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்தோம், உங்க போர்டுல இந்த ஃபோனைப் பாத்துட்டு என் கையைப் புடிச்சி இழுத்துகினு வந்துட்டா. ஒரே ஒரு கால். பேசிட்டுக் குடுத்துடுவோம்."

சிம் போடக்கூடாது என்ற ஓனர் குரல் எனக்குள் கேட்டது. வேலை போய்விட்டால் அம்மா தெருவில் என்ன சொல்லுவாள் என்றும் யோசித்தேன். அந்தப் பெண் என் வாயைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிம் எடுக்கும் ஊசியைத் தேடி எடுத்தேன்.

சுருள் வயரைக் கழட்டி, அண்ணனுடைய சிம்மைப் பெரிய ஃபோனில் போட்டு, கடை வைஃபையைக் கொடுத்து, வாட்ஸ்அப்பை ஏற்றிக்கொண்டிருந்தபோது என் ஃபோன் அடித்தது. ஓனர். அந்தப் பெண்ணைப் பார்த்து மீசையை முறுக்கிக் காட்டினேன். ஷெட்டில் அதற்கு அர்த்தம் முதலாளி. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டேய், டெமோ பீஸைக் கயட்டிட்டியா?"

"ஆமாண்ணா."

"சிம்மு வேற போட்ட போலக்குது?"

"ஆமாண்ணா." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அடுத்து வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தேன்.

"அந்த செல்ஃபி எடுக்கற ரவுண்டு லைட்டைப் போட்றா" என்றார். "பொண்ணு மூஞ்சி இருட்டா தெரியுது. ஜல்தி."

விளக்கைப் போட்டேன். சார்ஜர் பெட்டிகளை அடுக்கி அதன் மேல் ஃபோனைச் சாய்த்து நிறுத்தினேன். அவள் இரண்டு கையையும் வீசிப் பார்த்தாள். முகம், தோள், இரண்டு கை, எல்லாம் திரைக்குள் வந்துவிட்டது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, அண்ணனைப் பார்த்து வாசல் பக்கம் கை காட்டினாள்.

"நானா? நான் எதுக்குப் போவணும்? நான்தாண்டி அண்ணன்!"

அவள் மறுபடி கை காட்டினாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே வாசலில் போய்த் தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். என்னைப் போகச் சொல்லவில்லை. புது ஃபோனை ஓட்டிக் காட்ட ஆள் வேண்டுமே!

கால் போனது. அந்தப் பையன் கடையிலேயே இருந்தான். பின்னால் பிரித்துப் போட்ட மோட்டார்கள், சுருள் சுருளாகச் செம்புக் கம்பி. அவளைப் பார்த்ததும் கையைச் சட்டையில் துடைத்தான், தலையை வாரினான், ஃபோனை ஒரு மோட்டார் மேல் சாய்த்து வைத்தான்.

இரண்டு பேரும் ஆரம்பித்தார்கள். ஒரு நிமிஷத்திலேயே இரண்டு பேரும் நிறுத்தினார்கள். அவன் காது கேளாதோர் பள்ளியில் படித்தவன், முறையாகக் கற்ற சைகை. இவளுடையது வீட்டிலும் தெருவிலும் தானாக உண்டாக்கிக்கொண்டது. அவன் படபடவென்று ஏதோ சொல்ல, இவள் உதட்டைப் பிதுக்கினாள். இவள் ஒன்று கேட்க, அவன் தலையைச் சொறிந்தான். எழுதலாமே என்று கையைக் காட்டினேன். முடியாது என்று விரலை ஆட்டினாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாளாம், மனசில் இருப்பதை எழுதுகிற அளவுக்கு வராது என்று அண்ணன் பிறகு சொன்னார். இத்தனை பண்ணியும் நேற்று மாதிரியே வைத்துவிடுவார்களோ?

அப்போதுதான் நான் மனப்பாடம் செய்த பாடம் உபயோகப்பட்டது. திரையை இரண்டாகப் பிரித்தேன். மேலே அவன், கீழே வெள்ளைத் தாள். பக்கத்திலிருந்து பேனாவை உருவி அவள் கையில் கொடுத்தேன். வரைந்து ஒரு தட்டுத் தட்டினால் அவனுக்குப் போய்விடும் என்று செய்து காட்டினேன்.

முதல் படம்: நடுவில் ஒல்லியாக ஒருத்தன், சுற்றிலும் பெரிய பெரிய தலையோடு நாலு பேர். நாலு பேர் கையிலும் குச்சி. ஆட்டைப் பட்டிக்கு ஓட்டுகிற மாதிரி அவனை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். நீயாகச் சரி சொன்னாயா, ஓட்டிக்கொண்டு வந்தார்களா?

படம் போனது. அவன் பார்த்தான். விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, தன் நெஞ்சைத் தட்டினான். இரண்டு விரலைக் கண்ணுக்கு நேரே வைத்து, அப்படியே அவள் பக்கம் நீட்டினான். அதற்கு எந்தப் பள்ளிக்கூடமும் தேவையில்லை, எனக்கே புரிந்துவிட்டது.

அவள் முகம் சிவந்தது. ஆனால் பேனாவை வைக்கவில்லை. இரண்டாவது படத்துக்கு நான் உதவப் போனேன், என் கையைத் தட்டிவிட்டாள். அதற்குள் கற்றுக்கொண்டாயிற்று. ஒரு வீடு வரைந்தாள், உள்ளே ஒரு தறி. தறிக்குக் கீழே கால் வைக்கிற குழி. குழிக்குப் பக்கத்தில் ஒரு பெண். அப்புறம் வீட்டுக்கு மேலே பெரிதாக ஒரு கேள்விக்குறி. அனுப்பிவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் ஏன் இரண்டு வாரமாகத் தலையாட்டவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் பேசுவது பாதிப் பேருக்குப் புரியாது. அவள் நெய்த சேலையைப் பார்த்தால் எல்லோருக்கும் புரியும். தறியை விட்டுவிட்டு வரச் சொன்னால் வரமாட்டாள்.

அவன் படத்தைப் பார்த்தான். சட்டென்று எழுந்து ஃபோனைத் தூக்கிக்கொண்டு நடந்தான். திரை ஆடியது. சந்து, கோழி, அவன் வீட்டுப் படி, ஒரு அறை. அறையில் பாதிக்கு மேல் பழைய மோட்டார். ஃபோனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு, மோட்டார்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைக்க ஆரம்பித்தான். பாதி இடம் காலியானதும் கையை அகல விரித்துக் காட்டினான். இடம் போதுமா?

அவள் போதும் என்றாள். ஆனால் குழி? படத்தில் குழியின் மேல் பேனாவால் இன்னொரு வட்டம் போட்டு அனுப்பினாள். அவன் தரையைப் பார்த்தான். பளபளவென்று டைல்ஸ் போட்ட தரை. 'இரு' என்று கை காட்டிவிட்டு ஓடினான். திரும்பி வந்தபோது கையில் கடப்பாரை.

நான் "வேணாம்! வேணாம்!" என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும்? அறையின் நடு மத்தியில் ஒரே போடு.

அந்த இரண்டு ஸ்பீக்கர் எவ்வளவு உசத்தி என்று அப்போது தெரிந்தது. நான் முழுச் சத்தத்தில் வைத்ததைக் குறைக்கவே இல்லை. "டேய்ய்! இன்னாடா பண்ற! போன மாசம் போட்ட டைல்ஸ்டா பாவி! கல்யாணத்துக்குன்னு போட்ட டைல்ஸ்டா!" என்று ஓர் அம்மாவின் குரல் கடை முழுக்க எகிறியது. காது கேட்காத மகனைத் திட்டும்போதும் அம்மாக்களுக்கு வாய்தான் முந்தும் போலிருக்கிறது.

வாசலில் இருந்த அண்ணன் துள்ளி எழுந்தார். "அது அவங்க அம்மா கொரலாச்சே! இன்னாச்சி? சண்டையா? ஐயோ, எல்லாம் போச்சா?" என்று உள்ளே ஓடி வந்தார். பூக்கார அம்மாவும் பின்னாலேயே வந்துவிட்டாள்.

திரையில் அந்த அம்மா கடப்பாரையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள், மகன் மறுமுனையை இழுத்தான். அந்தப் பெண் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வேகமாக ஆட்டினாள். நிறுத்து! அவள் முகத்தில் சிரிப்பு போயிருந்தது. நெற்றி சுருங்கி, கோபம் மாதிரி இருந்தது. அண்ணன் என் தோளை இறுக்கிப் பிடித்தார். அவள் குனிந்து வரைந்தாள். அண்ணன் எட்டிப் பார்த்தார், அவளுக்குத் தடுக்கக்கூட நேரமில்லை.

அதே அறை. ஒரு பக்கச் சுவரில் ஜன்னல், ஜன்னலிலிருந்து கோடு கோடாக வெளிச்சம். நடுவில் அவன் போட்ட ஓட்டையின் மேல் பெரிய பெருக்கல் குறி. ஜன்னலுக்குக் கீழே, வெளிச்சம் விழுகிற இடத்தில், குழி.

அங்கே தோண்டாதே, இருட்டு. இங்கே தோண்டு.

அனுப்பினாள். அவன் பார்த்தான். கடப்பாரையை அம்மாவிடமே விட்டுவிட்டு ஜன்னலருகே போய் நின்றான். இங்கேயா? அவள் கையை இடப்பக்கம் அசைத்தாள். இன்னும் கொஞ்சம். அவன் ஓர் அடி நகர்ந்தான். இன்னும் கொஞ்சம். நகர்ந்தான். அவள் உள்ளங்கையைக் காட்டினாள். அங்கேதான்.

அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. "இன்னாபா இது" என்றார். "தறி எங்க போடணும்னு எடம் காட்டறாளே! அப்பிடின்னா..." பூக்கார அம்மாதான் முடித்தாள். "அப்பிடின்னா இன்னா? தட்டு மாத்துங்க! இதுக்கு மேலயும் சாயந்தரம் வரைக்கும் காத்துகினு இருப்பீங்களா?"

திரையில் அந்த அம்மா கையில் கடப்பாரையோடு ஃபோனுக்குக் கிட்டே வந்தாள். அவளைப் பார்த்ததும் இந்தப் பெண் பயந்து கைகூப்பினாள். அந்த அம்மா உடைந்த டைல்ஸைத் திரும்பிப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். இந்தத் தடவை வாயால் பேசவில்லை. இவளை விரலால் சுட்டி, ஜன்னலுக்குக் கீழே சுட்டி, 'வா' என்று இரண்டு கையாலும் அழைத்தாள்.

சிம்மை எடுத்துக் கொடுத்தபோது அண்ணன் கூச்சத்தோடு ஃபோனின் விலையைக் கேட்டார். சொன்னேன். "அட போப்பா, இதுக்கு இன்னொரு கல்யாணம் பண்ணிடலாம்" என்று சிரித்தார். அந்தப் பெண் கடையைச் சுற்றிப் பார்த்து, கொக்கியில் மாட்டியிருந்த ஒரு பிளாஸ்டிக் ஸ்டாண்டை எடுத்து வந்தாள். பழைய ஃபோனை அதில் நிறுத்தி, இரண்டு கையையும் என் முன்னால் விரித்துக் காட்டினாள். அன்றைக்கு எங்கள் கடையில் விற்றது அது ஒன்றுதான். ஓனர் சாயந்தரம் ஃபோன் செய்து, "பேனாவை உள்ள சொருகினியா?" என்று மட்டும் கேட்டார்.

தை மாதம் கலசப்பாக்கத்தில் கல்யாணம். நானும் போயிருந்தேன். மாப்பிள்ளை கடைசிவரைக்கும் பெண்ணிடம் கையால் பேசிக்கொண்டே இருந்ததால், ஐயர் மாலையை எடுத்துக்கொடுக்க அவன் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

அந்தப் பெரிய ஃபோன்களை இப்போது நிறைய விற்கிறேன், ஜூமையும் நிலாவையும் இப்போதும் காட்டுகிறேன். ஆனாலும் யார் வந்து கேட்டாலும் வாயைத் திறப்பதற்கு முன்னால், "இதுல யார்கூட பேசப் போறீங்க?" என்று முதலில் கேட்டுவிடுகிறேன், அந்தப் பதில் வந்த பிறகுதான் எந்த ஃபோனை எடுத்து வைப்பது என்று எனக்கே தெரிகிறது.